ஆண்டர்சன் தெரு ஸ்டேஷனரிக் கடை: ரெடிமேட் கிட்டை விடுங்கள், லிஸ்ட்டோடு போங்கள்

கடைக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார். அதே கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் ‘ஸ்கூல் கிட்’டுக்கு ஒன்றரை, அதுவும் உள்ளே இருக்கும் பென்சில் நல்ல பென்சில் என்பதற்காக. இரண்டுக்கும் தனித்தனியாக மார்க் போட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே வருகிற நம்ம ஆட்கள் பலர் அந்தக் கிட்டைத்தான் டஜன் கணக்கில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து லீவு கிடைத்தால் வேன் பிடித்தோ பைக்கிலோ ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை, கிட்டத்திலேயே போதும் என்றால் பழவேற்காடு என்று கிளம்புகிற கோஷ்டிகளுக்கு. போகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யலாமே என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஆரம்பிப்பார், ஆளுக்கு ஐந்நூறு சேரும், கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருத்தர் பாரிமுனைக்கு ஓடுவார். எங்கள் குரூப்பில் அந்த ஓடுகிற ஆள் நான்.

கடை பாரிமுனை ஆண்டர்சன் தெருவை ஒட்டின ஒரு சந்தில் இருக்கிறது. தெரு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, டைரி, காகித பண்டல், தள்ளுவண்டி, நடுவில் நகரவே நகராத ஒரு மினி லாரி. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார பாய் சொல்லிவிட்டார், ஏற்கெனவே ஜூன் மாதம் நிற்க இடமில்லை என்பது அவர் கட்சி. பரவாயில்லை, அந்த வட்டாரத்தில் இதே மாதிரி கடைகள் நிறைய, நான் சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் அந்தக் கிட். இரண்டு நோட்டு, இரண்டு பென்சில், ரப்பர், ஷார்ப்னர், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், 12 கலர் கிரேயான், எல்லாம் ஒரு ஜிப் பவுச்சில், பவுச் மேல் ஒரு கார்ட்டூன் ஸ்டிக்கர், அதற்கும் மேல் ஒரு பாலித்தீன் உறை. கிரேயான் வெறும் மெழுகு, அழுத்தினால் உடையும், அழுத்தாவிட்டால் கலர் ஏறாது. ஜிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1இலிருந்து தடை இருக்கிறது, நாம் அதைப் பிள்ளை ஒன்றுக்கு ஒன்று என்று மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஆனால் தரம் எனக்கு இரண்டாவது புகார்தான். முதல் புகார், அந்தக் கிட்டில் இருக்கும் நோட்டு, கிரேயானை எல்லாம் அந்தப் பிள்ளைக்கு அரசாங்கமே தருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு, கிரேயான், கலர் பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் என்று வகுப்புக்குத் தகுந்த மாதிரி விலையில்லாமல் வருகிறது, மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் உண்டு. சில வருஷம் தாமதமாக வரும், அளவு மாறி வரும், அது வேறு கதை. வெளிநாட்டு டூரிஸ்டுகளுக்கென்று எழுதுகிற குறிப்புகளில் “பேனா, பென்சில் எடுத்துப் போங்கள்” என்றுதான் இருக்கும், அதை அப்படியே நம் ஊருக்குக் காப்பி அடித்தால் பீரோவில் ஏற்கெனவே இருக்கும் கிரேயான் மேல் இன்னொரு பெட்டி கிரேயான் ஏறும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுப் பொருளும் அப்படியே. பிஸ்கட் பெட்டி, கேக் என்று யோசிக்கிறவர்களுக்கு: காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25இலிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டது, மதியச் சத்துணவு அதற்கு ரொம்ப முன்னாலிருந்து இருக்கிறது. (பாரிமுனைக்கு மெட்ரோவில் போகிறபோது ‘சர் தியாகராயா கல்லூரி’ ஸ்டேஷன் வரும் இல்லையா, அந்தத் தியாகராயர்தான் 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவை ஆரம்பித்து வைத்தவர். நம்ம வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கே இது பலருக்குத் தெரியாது.)

அப்போ என்னதான் வாங்குவது? இதற்குக் கடைக்காரரை விடவும் கூகுளை விடவும் நல்ல பதில் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர். அங்கே போன் போட்டுக் கேட்டபோது ஹெச்.எம். டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட்டில் ஒரு நோட்டுகூட இல்லை. ஏ4 பேப்பர் இரண்டு பண்டல், சார்ட் அட்டை, கெட்டி ஸ்கெட்ச், ஃபெவிகால் பெரிய டப்பா, லேமினேஷன் கவர், சுவர்க் கடிகாரம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரப் பாய், ஸ்கிப்பிங் கயிறு, ரிங், ஃபுட்பால் பம்ப்பு ஊசி. பந்து இருக்கிறதாம், காற்று போய் மூலையில் கிடக்கிறதாம். மொத்த லிஸ்ட்டிலும் விலை குறைந்த சாமான் அந்த ஊசிதான், பிள்ளைகள் ஆவலாகக் காத்திருந்ததும் அதற்குத்தான்.

பேப்பரும் ஸ்கெட்ச்சும் எதற்கென்றால் டி.எல்.எம்., அதாவது வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்க டீச்சர்கள் கையாலேயே செய்கிற எழுத்து அட்டை, எண் அட்டை, படம், முகமூடி எல்லாம். 2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் பாடமே அட்டை, பாட்டு, விளையாட்டு என்று மாறிவிட்டது, பல டீச்சர்கள் சொந்தக் காசைத்தான் போட்டு இதையெல்லாம் வாங்குகிறார்கள்.

லிஸ்ட்டைக் காட்டினதும் பாய் நடந்துகொண்ட விதத்துக்குத்தான் அந்த நான்கு ஸ்டார். கிட் வாங்க வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார், எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுவார். லிஸ்ட்டைப் பார்த்தால் ஆளே வேற. “சார்ட் இந்த கேஜ் வாணாம் சார், சுருண்டுக்கும், இத்த எடுத்துக்கினு போங்க” என்று ஏணி போட்டு ஏறி மேலிருந்து இறக்குகிறார். உதிரியாகக் கேட்டாலும் மொத்த விலைதான் போட்டார், டஜன் கட்டாயம் என்று அடம் பிடிக்கவில்லை. மிஞ்சினால் பிரிக்காமல் கொண்டு வா, எடுத்துக்கொள்கிறேன் என்றார், சொன்ன மாதிரியே எடுத்தும் கொண்டார். தன்னிடம் இல்லாததை “இருக்கு” என்று உட்கார வைக்காமல் விளையாட்டுச் சாமானுக்கு எந்தக் கடை, உட்காருகிற பாய்க்கு எந்தக் கடை என்று பையனைக் கூடவே அனுப்பினார்.

பில் முக்கியம், கேட்டு வாங்குங்கள். பள்ளியின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள், கொடுக்கிற பொருளை ஹெச்.எம். இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பில் இருந்தால் அவருக்கு அது ஒரு வரி வேலை, இல்லாவிட்டால் தலைவலி. 2025 செப்டம்பர் 22இலிருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான், மேப், குளோப் இதற்கெல்லாம் ஜி.எஸ்.டி. கிடையாது, ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம்தான். எங்கள் குரூப்பில் ஐ.டி. கம்பெனி நண்பர் ஒருவர் இந்தப் பில்லை வைத்து 80ஜி கழிவு, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்க முடியாது. பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி இல்லை, பணமாக, அந்த அனுமதி உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு மொத்தமாகவே கிடையாது.

அந்த ஒரு ஸ்டார் எங்கே போச்சு என்றால், கதைப் புத்தகத்தில். பாயிடம் இருக்கும் சிறுவர் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வருகிற மலிவு ரகம், எழுத்துப்பிழை கண்ணைக் குத்துகிறது, படம் மங்கல். புத்தகத்தை இங்கே வாங்காதீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட் போடும் சிறுவர் வரிசை விலையும் கம்மி, தரமும் பரவாயில்லை. அதைவிட எனக்குப் பிடித்த வழி, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன, அச்செடுத்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதே தெருவில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுவிடலாம். பள்ளிக்கூடங்களில் அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து ஏற்கெனவே இருக்கலாம், எந்த நிலையில் குறைவு என்று டீச்சரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

டிரிப் போக முடியாமல் போனாலும் சாமான் போகலாம். ஆண்டர்சன் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான் ராஜாஜி சாலைத் தலைமை அஞ்சலகமான ஜி.பி.ஓ. 2025 மே 1இலிருந்து அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்று ஒன்று நடத்துகிறது, புத்தகம், படிப்புச் சம்பந்தமான அச்சுப் பொருளுக்கு மட்டும், 300 கிராமுக்கு 20 ரூபாயில் ஆரம்பித்து 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகப் போவதால் மெதுவாகத்தான் போகும், ஆனால் மலைக்கிராமத்துத் தபால்காரர் வரைக்கும் போகும். கடிகாரம், பாய் எல்லாம் இதில் சேராது, அதற்குப் பார்சல் லாரிதான்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குள் போகிற விஷயம். டிராவல்ஸ் ஒன்று, பெயர் வேண்டாம், மலை டிரிப்போடு ‘ஸ்கூல் விசிட்’ என்று பேக்கேஜில் சேர்த்து விற்றது. வேனை நிறுத்தி, பாடம் நடக்கிற வகுப்பை வெளியே கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, நாங்கள் கொடுக்க அவர்கள் வாங்க, டிரைவர் போட்டோ எடுக்க, ஒரு பாட்டு, டாட்டா. அந்தச் சேவைக்கு நான் பூஜ்ஜியம் போடுகிறேன். பிள்ளைகளின் அரை நாள் படிப்பு போனது, கூச்சத்தில் ஒரு பெண் தலையே நிமிரவில்லை, அந்தப் படம் மறுநாள் அவர்கள் இன்ஸ்டாகிராமில். காசு கொடுத்தது நாம், அதனால் வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் நமக்குத்தான். இப்போதெல்லாம் வெளியாட்கள் உள்ளே வருவதற்கு ஹெச்.எம்.கள் யோசிக்கிறார்கள், வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதி கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள், யாரென்றே தெரியாத ஆளைப் பிள்ளைகள் பக்கத்தில் விடாமலிருப்பது அவர்கள் வேலை. மூட்டையைப் பள்ளி விட்டதும் நாலரை மணிக்கு மேல் ஆபீஸ் அறையில் இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு அருவி பார்க்கப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பெரிய தொகை சேர்ந்துவிட்டால் சிலர் உடனே வாட்டர் ஃபில்டர் என்பார்கள். வாங்குவது சுலபம், கேண்டில் மாற்றவும் சர்வீஸ் பண்ணவும் எந்த ஆள் மலை ஏறி வருவான்? இந்த மாதிரி விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் விட்டுவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பணமாகத் தருவதென்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ தளம் இருக்கிறது, பள்ளியைத் தேர்ந்தெடுத்து ஆன்லைனிலேயே கட்டலாம், யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, கடைக்குத் திரும்பினால், குறை இன்னும் இரண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் பாய் இருக்கமாட்டார், மச்சான் இருப்பார், அவருக்கு கிட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வண்டி நிறுத்த இடம் சுத்தமாகக் கிடையாது, பைக்குக்கே கஷ்டம், மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்து போய், திரும்பும்போது மூட்டையோடு ஆட்டோ பிடிப்பதுதான் நடக்கிற காரியம். ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரமே பெரும்பாலும் லீவு, சனிக்கிழமை இரவு கிளம்புகிற கோஷ்டிகள் வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் போகவே போகாதீர்கள். ஆகஸ்ட்டுக்கு மேல் கூட்டம் குறையும், விலையும் கொஞ்சம் இறங்கும், பள்ளியிலும் அதற்குள் எது வந்தது, எது வரவில்லை என்று டீச்சருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.