மதிலோர மண்ணுக்குப் புல்லா, செடியா?

சென்னையில் தனி வீட்டுக்காரர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி மண், அதில் உடைந்த செங்கல், நெருஞ்சி. கொரியன் புல் பதிப்பதா, செடி வைப்பதா? எதுவானாலும் முதலில் ஓரடி ஆழம் கொத்தி, சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்கிவிடுங்கள்.

செலவு: புல்லைப் பத்தையாக வாங்க வேண்டும், கையைக் கடிக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு அக்கம்பக்கத்தில் ஒரு கிளை கேட்டு வாங்கி நட்டாலே போதும்.

தண்ணீர்: மே மாதத்தில் புல்லுக்குத் தினமும் ஊற்ற வேண்டும். வேர் பிடித்த செடிக்குச் சருகு மூடாக்கு போட்டால் வாரம் இரண்டு முறை.

நிழல்: இதுதான் முக்கியம். கொரியன் புல்லுக்கு நேர் வெயில் வேண்டும். மதில் நிழலில் திட்டுத்திட்டாக வழுக்கை விழும். நந்தியாவட்டை அரை நிழலிலும் பூக்கும்.

அப்புறம், ஒரு கறிவேப்பிலைக் கன்று கட்டாயம் வையுங்கள். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அது பட்டாம்பூச்சியின் இளம்புழு. சில நாளில் பச்சையாகிவிடும்.

குழந்தைகள் உருண்டு விளையாட வேண்டும், நாள் முழுக்க வெயிலும் விழுகிறது என்றால் புல். மற்ற எல்லோருக்கும் செடிதான் சரி. ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள்.