யூஎஸ்பிகார்ட்: காவல் பலம், கீபோர்டுதான் பாவம்

பென் டிரைவ் வேஷத்தில் வந்து கீபோர்டாக மாறித் தட்டச்சு செய்யும் சாதனங்களைத் தடுக்க லினக்ஸில் என்ன போடலாம் என்று நண்பர் கேட்டார். வருடக்கணக்காக நான் ஓட்டுவது யூஎஸ்பிகார்ட் என்ற மென்பொருள். எந்த யூஎஸ்பி சாதனத்தை உள்ளே விடலாம் என்று ஒரு விதிக் கோப்பைப் பார்த்து முடிவு செய்யும்.

வேலையில் குறை இல்லை. விதியில் இடம்பெறாத சாதனத்தை கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, மட்டத்திலேயே நிறுத்திவிடும், சாதனத்தை இயக்கும் டிரைவரே ஏறாது. சேமிப்புக்கான 08, கீபோர்டு வகைக்கான 03 என்ற யூஎஸ்பி வகைக் குறியீடுகள் இரண்டையும் ஒருசேர அறிவிக்கும் பென் டிரைவை விரட்ட விதிக் கோப்பில் ஒரே ஒரு ரிஜெக்ட் வரி போதும். 2014-ல் இப்படி வேஷம் போடும் பேட்யூஎஸ்பி தாக்குதலைச் செய்து காட்டியபோது இப்படியொன்று எல்லார் கையிலும் இருந்திருக்க வேண்டும்.

எரிச்சல் வேறு இடத்தில். செருகியிருப்பவற்றைப் பார்த்து விதிகளை எழுதித்தரும் ஜெனரேட்-பாலிசி கட்டளை, சீரியல் எண் இல்லாத சாதனத்தை அது செருகியிருக்கும் போர்ட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. மலிவான கீபோர்டுகள் பலவற்றில் சீரியல் எண்ணே கிடையாது. 1-2 போர்ட்டில் இருந்ததைப் பிடுங்கி 1-4-ல் செருகினால் செத்தது. அனுமதி கொடுக்கக் கட்டளை தட்ட வேண்டும். தட்டக் கீபோர்டு இல்லை! எத்தனை தடவை பட்டாலும் கோபம் ஆறுவதில்லை.

அந்தக் கட்டளைக்கு நோ-போர்ட்ஸ்-எஸ்என் தேர்வைக் கொடுத்து விதிகளை உருவாக்கினால் போர்ட் கட்டு போய்விடும். மானிட்டரில் இருக்கும் ஹப்புக்கு மாற்றினால் அப்போதும் தடுக்கும். சாதனம் எந்த ஹப்பின் கீழ் இருக்கிறது என்பதைக் குறிக்கும் பேரன்ட்-ஹாஷ் பகுதியையும் கையால் நீக்க வேண்டும். நீக்கினால் அதே மாடல் கீபோர்டு எது வந்தாலும் உள்ளே விடும். அந்தப் பேரத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாச் சாதனங்களையும் செருகி, விதிக் கோப்பை எழுதிய பிறகே சர்வீஸைத் தொடங்குங்கள். வெறும் கோப்போடு தொடங்கினால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் அந்த நொடியே போகும். வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் திறந்தே இருக்கட்டும்; மாட்டிக்கொண்டால் லிஸ்ட்-டிவைசஸ் பார்த்து, எண்ணைக் கொடுத்து அலவ்-டிவைஸ் அடித்தால் தீர்ந்தது.

சர்வீஸ் எழும்வரை, பூட் நேரத்தில் செருகியிருப்பவை எல்லாம் தாராளமாக இயங்கும். பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் அளவுருவில் ஆத்தரைஸ்டு டிஃபால்ட்டை (புதுச் சாதனத்துக்குத் தானாக அனுமதி தரும் அமைப்பு) 0 ஆக்கினால் அந்த ஓட்டை அடையும். ஆனால் டிஸ்க் கடவுச்சொல் கேட்கும் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் ஊமையாகிவிடும். தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வழி நினைவகத்தைத் தொடும் தாக்குதல் யூஎஸ்பிகார்டின் எல்லைக்கே வராது, அதற்குச் சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் வேண்டும். அடையாளத்தை அப்படியே நகலெடுத்து வரும் சாதனத்தையும் இது நம்பிவிடும்.

லேப்டாப் என்றால் யோசிக்காமல் போடுங்கள். உள்ளமைந்த கீபோர்டு பெரும்பாலும் யூஎஸ்பியில் இருக்காது. ஒற்றை யூஎஸ்பி கீபோர்டோடு எஸ்எஸ்ஹெச்சும் இல்லாத டெஸ்க்டாப் என்றால், இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், வேண்டாம்.