பைன் காட்டில் வென்ற மருந்து மல்லாட்டைக் கொல்லையில் செல்லுமா?

ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் பைன் காடுகளில் ஒரு புழு உண்டு. மரத்தில் நூலால் பை பின்னிக் குடியிருக்கும். இறங்கினால் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும். அதன் மயிர் பட்டால் உடம்பெல்லாம் அரிப்பு. அதை அடக்க விமானத்திலிருந்தே பி.டி. என்ற உயிரி மருந்தைத் தெளித்திருக்கிறார்கள். அந்தப் பெருமையைப் படித்துவிட்டு, வேலூர் அணைக்கட்டுப் பக்கம் என் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையிலும் பி.டி. அடித்தேன். இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்த புரொடீனியா புழு அசரவே இல்லை. போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். தவறு என்னுடையது.

பி.டி. ஒரு பாக்டீரியா. அதன் புரதப் படிகத்தை இலையோடு தின்ற புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து, குடல் சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் சாவு. ஆனால் நான் வாங்கிய ‘குர்ஸ்டாகி’ ரகம் பைன் புழுவையும் முட்டைக்கோஸின் வைரமுதுகுப் பூச்சியையும் சாய்க்கிற அளவுக்குப் புரொடீனியாவைச் சாய்ப்பதில்லை. போதாக்குறைக்கு, அங்கே புழு பொடியாக இருக்கும்போதே அடிக்கிறார்கள்; நான் விரல் தடிமன் ஆனபின், பகல் பதினோரு மணிக்கு அடித்தேன். வேலூர் வெயிலில் பாக்டீரியா எத்தனை நாள் தாங்கும்?

அடுத்த மார்கழிப் பட்டத்தில் என்.பி.வி. வைரசுக்கு மாறினேன். புரொடீனியாவுக்கென்றே உள்ள வைரஸ் இது. ஏக்கருக்கு 100 எல்.இ., அதாவது நோயில் செத்த 100 புழுக்களில் இருக்கும் அளவு. ஒரு கிலோ வெல்லம் கரைத்துச் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். முதல் நான்கு நாள் ஒன்றும் நடக்காது. பொறுமையில்லாதவர்கள் இங்கேதான் ரசாயன டப்பாவைத் திறக்கிறார்கள். பிறகு புழுக்கள் செடி நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். அவற்றைப் பொறுக்கி நசுக்கி, துணியில் வடிகட்டினால் அடுத்த தெளிப்புக்கு மருந்து தயார். குறை ஒன்றுதான்: சிவப்புக் கம்பளிப்புழு வந்தால் இது வேலைக்காகாது, அதற்கு வேறு வைரஸ்.

வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் மலிவு. 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் போதும். முட்டை பொரிந்த வாரத்தில் கைகொடுக்கும். வளர்ந்த புழுவிடம் பலிக்காது. டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி கரும்புக்கு நல்லதுதான். புரொடீனியா தன் முட்டைக் குவியலை மயிரால் மூடி வைப்பதால் இங்கே அதற்குச் செலவழிக்க மாட்டேன்.

பக்கத்துக் கொல்லையில் மல்பெரி இருந்தால் பி.டி.யைத் தொடவே கூடாது. 1901இல் ஜப்பானில் அந்தப் பாக்டீரியாவை முதலில் கண்டதே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுக்களில்தான்.

இப்போது வரப்போரம் ஆமணக்கு நட்டிருக்கிறேன். தாய்ப்பூச்சி அதில்தான் முதலில் முட்டையிடுகிறது. காலையில் ஒரு சுற்று நடந்து, முட்டை ஒட்டிய இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மீதிக்கு மட்டும் வைரஸ்.