மைக்ரோபான்: சில வருடங்கள் விளையாடிய பிறகு

பெட்டிகளை இலக்குக் கட்டங்களுக்குத் தள்ளிச் சேர்க்கும் புதிர் விளையாட்டான சோகோபானை எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், பரவலாகப் புழங்கும் அந்த 90 லெவல் தொகுப்பை நான் காட்டுவதில்லை. அதில் முதல் லெவலிலேயே ஆறு பெட்டி. பாதி பேர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். டேவிட் ஸ்கின்னர் உருவாக்கிய மைக்ரோபான் தொகுப்புதான் என் பதில். 155 லெவல், பெரும்பாலானவை கட்டைவிரல் அளவு. ஆனால் சின்னது என்றால் சுலபம் என்று நினைத்து உள்ளே போகாதீர்கள்.

முதல் லெவலையே பாருங்கள். இரண்டு பெட்டி, இரண்டு இலக்கு. அதில் ஒரு பெட்டி ஏற்கனவே தன் இடத்தில் இருக்கிறது. மற்றதை இடப்பக்கம் ஒரு கட்டம் தள்ளி, அப்படியே மேலே ஏற்றினால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஏற்ற வேண்டுமானால் பெட்டிக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்பதே சரியான இடத்தில் இருக்கும் பெட்டிதான். அதை மேலே நகர்த்தி வழி திறக்க வேண்டும், அப்புறம் அதைத் திரும்ப இறக்க வேண்டும். இறக்கப் போனால் இரண்டாவது பெட்டி குறுக்கே நிற்கும், அதை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டுப் போக வேண்டும். மொத்தம் 33 நகர்வில் (ஆள் வைக்கும் ஒவ்வோர் அடியும் ஒரு நகர்வு), அதில் 8 தள்ளலில் முடிக்கலாம். இலக்கில் இருக்கும் பெட்டியைத் தொடக்கூடாது என்ற எண்ணம் அந்த எட்டுத் தள்ளலிலேயே உடைந்துவிடும்.

தள்ள முடியும், இழுக்க முடியாது; ஒரு நேரத்தில் ஒரே பெட்டி. விதி அவ்வளவுதான். இலக்கில்லாத மூலையில் பெட்டி போனால் கதை முடிந்தது, அது எல்லோருக்கும் உடனே புரியும். சுவரை ஒட்டி இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து நின்றால் இரண்டுமே உறைந்துபோகும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். பெரிய லெவலில் இப்படிச் சிக்கியது எப்போது என்று தேடவே நேரம் போய்விடும். சின்ன லெவலில் தவறான தள்ளல் கண்ணெதிரே இருக்கும். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சரி, எல்லாம் முடித்தவருக்கு என்ன இருக்கிறது? நான் இன்னும் விளையாடுவதற்குக் காரணம் தள்ளல் கணக்கு. நகர்வைக் குறைப்பது ஒரு புதிர், தள்ளலைக் குறைப்பது வேறொரு புதிர். குறைந்த தள்ளலுக்கு ஆள் சில நேரம் ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருக்கும். முடித்த லெவலை இந்தக் கண்ணோடு திறந்தால் புதிதாகத் தெரிகிறது. அப்படி ஆடும்போது இலக்கிலிருந்து பின்னோக்கி யோசிக்கும் பழக்கமும் வந்துவிடும்: கடைசிப் பெட்டி எந்தப் பக்கமிருந்து வந்திருக்க முடியும்?

குறை இல்லாமல் இல்லை. கடினம் சீராக ஏறுவதில்லை. முரட்டு லெவலுக்கு அடுத்து ஒன்று ஊதித்தள்ளும்படி இருக்கும். ஒரே யோசனை வேறு உருவில் திரும்ப வருவதும் உண்டு. செய்த நகர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் பின்வாங்கும் அன்டூ வசதியை நான் அணைத்தே வைக்கிறேன், இல்லாவிட்டால் கை மட்டும்தான் விளையாடுகிறது. (அணைக்கவே வழியில்லாத செயலிகளும் இருக்கின்றன, ஏனென்று தெரியவில்லை.)

ஒரு கைப்பேசிச் செயலியில் நீண்ட காலம் ஆடினேன். லெவலுக்கு ஒரு விளம்பரம் என்றுகூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு அப்டேட்டில் முடித்த கணக்கெல்லாம் போய்விட்டது. லெவல்கள் வெறும் எழுத்துக்கோப்பு, வேறு செயலியிலும் திறக்கலாம் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை: # சுவர், $ பெட்டி, @ ஆள், புள்ளி இலக்கு. இப்போது கணினியில் ஜேசோகோ என்ற சோகோபான் மென்பொருளை வைத்திருக்கிறேன், இலவசம். என் விடைகளை ஒரு சாதாரணக் கோப்பில் தனியாகச் சேமித்துக்கொள்கிறேன்.