வேலை தருவதாகச் சொல்லி 2 ஈத்தரைத் திருடினார்கள்: மென்பொருள் துறையினர் கவனத்திற்கு

இந்த வாரம் என் கிரிப்டோ வாலட்டிலிருந்து 2 ஈத்தர் (ஒரு வகை கிரிப்டோ நாணயம்) களவு போனது. திருடியவர்கள், வேலை தருவதாக என்னை நேர்காணலுக்கு அழைத்தவர்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதினால்தான் அடுத்தவராவது தப்புவார்.

வேலை தேடுவோருக்கான பெரிய தளம் ஒன்றில், ஆளெடுப்பு அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் செய்தி அனுப்பினார். நான் முன்பு எழுதிய நிரல்களைப் படித்துவிட்டே பேசினார். தரவுத்தள இண்டெக்ஸ் பற்றியும் கேச்சிங் பற்றியும் அவர் கேட்ட கேள்விகள் உண்மையான நிறுவனங்களின் கேள்விகளைவிடத் தரமாக இருந்தன. நான் தடுமாறிய இடத்தில், "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். விண்ணப்பம் கிடைத்தது என்றுகூடச் சொல்லாத நிறுவனங்களையே பார்த்துச் சலித்திருந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதன் பிறகே ஒரு கிட் ரெப்போவை (நிரல் கோப்புகளின் தொகுப்பு) அனுப்பி, அதற்குத் தேவையான துணைத் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்து, திரையைப் பகிர்ந்தபடியே அதிலுள்ள பிழையைச் சரிசெய்யச் சொன்னார்.

சர்வர் கோப்பில் சாதாரண வரி ஒன்றின் பின்னால் நீண்ட வெற்றிடம் விட்டு, திரையில் தெரியாத வலது ஓரத்தில் திருட்டு நிரலை ஒளித்திருந்தார்கள். உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களும் வாலட் விவரங்களும் அதன் வழியாகத்தான் போயின. இணையப் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வாளர்கள் 2023 நவம்பரிலேயே இத்தகைய போலி நேர்காணல்களை அம்பலப்படுத்தி, அவற்றில் பயன்பட்ட திருட்டு நிரலுக்கு பீவர்டெயில் என்று பெயரும் வைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அதே வலை தாராளமாக விரிக்கப்படுகிறது.

தளத்திடம் முறையிட்டபோது, வெளியே நடந்தவற்றுக்குப் பொறுப்பல்ல என்று தானியங்கிப் பதில் வந்தது. பேச்சு தொடங்கியதே உங்கள் தளத்தில்தான் என்று எழுதினேன். புகார் முடிக்கப்பட்டதாக இன்னொரு தானியங்கிப் பதில். பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிவான பரிவர்த்தனையைத் திருப்ப முடியாது என்று வாலட் நிறுவனத்தார் கைவிரித்தார்கள். என் 2 ஈத்தர் போய்ச் சேர்ந்த முகவரி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; ஒருவராலும் தொட முடியவில்லை. அந்த அதிகாரியின் கணக்கோ காணாமலே போய்விட்டது.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. முன்பின் தெரியாதவர் தரும் நிரலைச் சொந்தக் கணினியில் ஓட்டாதீர்கள், மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் தனியாக இயங்கும் மென்பொருள் கணினி) மட்டும் ஓட்டுங்கள். நிறுவியதும் தானாகவே ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் கட்டளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்கள் உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, மிச்சமிருப்பதைப் புதிய வாலட்டுக்கு நகர்த்துங்கள்.