பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு ஓடும் ஆர்எக்ஸ் 6600

கேம் விளையாட ஐந்து வருடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டை வைத்தே ஓட்டினேன். 4 ஜிபி கார்டு, தனியாக பவர் கேபிள்கூடக் கேட்காது, பாவம் நல்ல உழைப்பாளி. ஆனால் எல்டன் ரிங் கேமில் குதிரையை விரட்டினால் படம் விக்கி விக்கித்தான் நகரும். 2024 தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், சரி, இந்த முறை மாற்றியே தீருவது என்று கிளம்பினேன். பட்ஜெட் 20,000 ரூபாய், மிஞ்சிப்போனால் இன்னொரு ஆயிரம்.

கடைக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரி கேபினட்டைத் திறந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. ரைசன் 5 3600 புராசசர், பி450 மதர்போர்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதிலிருந்து கார்டுக்கென்று வருவது ஒரே ஒரு 6+2 பின் (அதாவது 8 பின்) கேபிள், மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 75 படம்). யூடியூபில் எத்தனை பார் சார்ட் பார்த்தாலும் கடைசியில் கார்டை முடிவு செய்தது இந்தப் பட்டியல்தான். 12 ஜிபி இருக்கிறதே என்று ஆர்டிஎக்ஸ் 3060 மேல் எனக்கு ஒரு கண், ஆனால் அது 170 வாட் இழுக்கும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறார்கள், அதையும் மாற்றினால் பட்ஜெட் காலி. ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட், மின்சாரக் கணக்கில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் எட்டு ஒன்பதாயிரம் கூட. 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அவ்வளவு கொட்ட மனசு வரவில்லை. ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ஒரே ஒரு 8 பின், 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்று ஏஎம்டியே போட்டிருக்கிறது. முடிந்தது.

சென்னை ரிச்சி தெருவில் நுழைந்த முதல் கடையிலேயே, "சார், இதுவும் 8 ஜிபிதான், பாதி விலை, ஜிடிஏ சூப்பரா ஓடும்" என்று ஓர் ஆர்எக்ஸ் 580-ஐ எடுத்து நீட்டினார்கள். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 2048எஸ்பி என்று இருந்தது. அசல் 580-இல் 2304 ஸ்ட்ரீம் புராசசர், இதில் 2048தான், பேர் மட்டும் 580. கார்டின் தலைமுறையே 2017-ஐச் சேர்ந்தது. ஜிபியை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களைக் குறிவைத்தே இந்தச் சரக்கு அலைகிறது, ஜாக்கிரதை. அடுத்த கடையில் 6600 இருந்தது, விலையும் படிந்தது, அப்புறம் குரலைத் தாழ்த்தி "பில் வேண்டாம்னா இன்னும் குறைக்கலாம் சார்" என்றார்கள். 18% ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று ஆசை வரத்தான் செய்தது. மூன்று வருட வாரண்டியை நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது? பில் போடச் சொல்லி, பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டின் பின்னால் இருப்பதும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் விண்டோஸ் வந்தது, கேமைத் திறந்தால் திரை கறுப்பு. ஒரு மணி நேரம் கார்டைத் திட்டினேன், தப்பு என்னுடையது. பழைய என்விடியா டிரைவரை அழிக்காமலே ஏஎம்டி டிரைவரைப் போட்டிருந்தேன். சேஃப் மோடுக்குப் போய், டிரைவரை அழிப்பதற்கென்றே இருக்கும் டிடியு மென்பொருளை வைத்துச் சுத்தமாகத் துடைத்து மறுபடி போட்டேன், அதற்கப்புறம் அந்தத் தொல்லை வரவே இல்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால், எல்டன் ரிங் அதன் 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃபிரேம்) உச்சவரம்பிலேயே நிற்கிறது, குதிரை இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. சைபர்பங்க் 2077-ஐ மீடியமும் ஹையும் கலந்து வைத்து, சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆரைக் குவாலிட்டியில் போட்டால் 60-க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்குகிறது. வெளிச்சத்தை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், ஈரத் தரையில் நியான் விளக்கு பிரதிபலிப்பதை ரசிப்பதற்குள் ஸ்லைடு ஷோ ஆகிவிட்டது. இந்தக் கார்டில் அந்த ஆசையே வேண்டாம். வலோரன்ட்டெல்லாம் இதற்குத் தூசு.

சூடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் விளையாடுகிறவன் நான். மதியம் மூன்று மணிக்கு ஃபேன் இரைச்சல் ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டது. ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி, எஃப்பிஎஸ்ஸை 75-இல் கட்டிப்போட்டேன். மானிட்டர் காட்டாத ஃபிரேமுக்கு எதற்குக் கரண்ட்? சத்தம் பாதியாகிவிட்டது. புதுக் கார்டு வாங்கினதும் எல்லோரும் செய்யவேண்டிய வேலை இது, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வாங்கிச் சரியாக ஒன்றரை மாதம், 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 வந்தது, 12 ஜிபி, 249 டாலர். அவசரப்பட்டுவிட்டோமோ என்று இரண்டு வாரம் வயிற்றெரிச்சல். ஜனவரியில் வெளிவந்த சோதனைகளில்தான் தெரிந்தது, ரைசன் 2600, 3600 மாதிரி பழைய புராசசரோடு சேர்த்தால் பல கேம்களில் அது நன்றாகவே பின்தங்குகிறதாம், டிரைவர் புராசசர் தலையில் ஏற்றும் சுமை அதிகம். போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி வேறு கட்டாயம். புது புராசசர் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல கார்டுதான், என்னிடம் இருப்பது 3600.

6600-க்கும் குறை உண்டு. கார்டு போர்டோடு பேசும் பிசிஐஇ வழியில் எட்டு லேன்தான், என் பி450 மாதிரி 3.0 போர்டில் அலைவரிசை பாதியாகிவிடும். சாதாரணமாகத் தெரியாது, டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்து 8 ஜிபி நிரம்பினால் மட்டும் சட்டென்று ஒரு குலுக்கல் வரும். ஹையில் வைத்தால் போய்விடும். கேம் ஸ்ட்ரீம் பண்ணுகிறவர்கள், பிளெண்டரில் 3டி வேலை செய்கிறவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம், கூடக் காசு போட்டு என்விடியாவுக்கே போங்கள். 1440பி மானிட்டர் இருந்தால் 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியைப் பார்க்கலாம், ஆனால் 16 ஜிபி வகையைக் கேட்டு வாங்குங்கள், அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள், கடைக்காரர் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்.