ப்ரோவோ லாவெல் எட்வர்ட்ஸ் ஸ்டேடியம்: டீ கிடைக்காது, மற்றபடி பிரமாதம்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் யூட்டாவில் ப்ரோவோ ஊருக்கு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்க்கப் போனோம். 60 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம், கிழக்கே சுவர் மாதிரி வசாட்ச் மலை, மாலை வெயிலில் அது செம்மஞ்சளாக மாறும்போது பந்து எங்கே போகிறது என்பதே மறந்துபோகிறது. காட்சிக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் தரலாம். (டிக்கெட்டைத் திரும்ப விற்கும் ஒரு செயலியில் வாங்கி, வாசலில் அது திறக்காமல் இருபது நிமிடம் நின்றது தனிக்கதை. மைதானத்துக்காரர்கள்மேல் தப்பில்லை, செயலியின் பெயர் வேண்டாம்.)

சாப்பாட்டில் எல்லோரும் வாங்குவது கூகர் டெயில், அதாவது 16 அங்குல நீளத்துக்கு மேப்பிள் பூசிய டோனட். ஒருவர் ஒன்றை முடிக்க நினைக்காதீர்கள், நாங்கள் மூன்று பேர் சேர்ந்தும் மிச்சம் வைத்தோம். பல்கலைக்கழகத்தின் சொந்த ஐஸ்கிரீமும் நன்றாக இருந்தது. ஆனால் பீர் கிடையாது, காபி கிடையாது, குளிரில் கை விறைக்கும்போது ஒரு வாய் டீயும் கிடையாது. பிந்தைய நாள் புனிதர் திருச்சபை, அதாவது மார்மன் சபை நடத்தும் பல்கலைக்கழகம் இது, மது, காபி, டீ மூன்றும் அந்தச் சபையில் விலக்கு. கஃபீன் உள்ள கோலாவே 2017ல்தான் வளாகத்துக்குள் வந்தது. ஹாட் சாக்லேட்டை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். மாணவர்களுக்குத் தாடிகூடக் கூடாதாம், தாடியோடு போன என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்தில் எதிரணிச் சட்டை போட்ட ஒரு குடும்பம். முன்வரிசை அம்மா ஒருவர் அவர்களுக்கும் சேர்த்து டோனட் பிய்த்துக் கொடுத்தார். இந்தப் பல்கலைக்கழகத்தைப் பெரிய லீகில் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்றா இத்தனை வருடம் இழுத்தார்கள் என்று அப்போது தோன்றியது. 2016ல் பிக் 12 கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழக அணிகளின் லீக், புது அணிகளைத் தேடியபோது, தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர்களை இந்தப் பல்கலைக்கழகத்தின் நடத்தை விதிகள் ஒடுக்குகின்றன, சேர்க்காதீர்கள் என்று பல அமைப்புகள் கடிதம் எழுதின. கடைசியில் யாரையுமே சேர்க்கவில்லை. 2021 ஜூலையில் டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் அந்த லீகிலிருந்து கிளம்புவதாக அறிவித்தன, செப்டம்பரிலேயே அழைப்பு வந்துவிட்டது! 2023ல் பிரிகாம் யங் உள்ளே. விதி மாறியதாலா சேர்த்தார்கள்? காலி நாற்காலிதான் காரணம் என்பது என் கணிப்பு.

அதற்காக, மதத்தைப் பற்றி விளையாட்டில் பேசவே கூடாது என்பவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. ஞாயிறு ஆடமாட்டோம் என்கிறார்களா, சரி, நஷ்டம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். பல்கலைக்கழகங்களின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் இவர்களை ஞாயிறு வராமல் வியாழன், சனி ஆடும் பிரிவில்தான் போடவேண்டும். 2003ல் அதைக் கவனிக்காமல் அட்டவணை போட்டுவிட்டார்கள், நல்லவேளை முதல் சுற்றிலேயே தோற்றதால் தலைவலி தீர்ந்தது. ஆனால் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று சபை 1978 வரை சொல்லிக்கொண்டிருந்ததே, அது வேறு ரகம். அதனால் 1969ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இனி இவர்களோடு ஆடமாட்டோம் என்றது. அதே வருடம் வயோமிங் பல்கலைக்கழகத்தில் 14 கறுப்பின வீரர்கள் இந்த அணிக்கு எதிரான ஆட்டத்தில் எதிர்ப்பைக் காட்டக் கறுப்புப் பட்டை அணியலாமா என்று கேட்கப் போனதற்கே, அவர்களுடைய சொந்தப் பயிற்சியாளர் எல்லோரையும் நீக்கிவிட்டார். ஸ்டான்ஃபோர்டைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பிக்கையின் விலையை நம்புகிறவனே கொடுத்தால் கூட ஆடலாம், அடுத்தவன் தலையில் கட்டினால் எதிரணிக்கு மறுக்க உரிமை உண்டு. 2016 கடிதம் சொன்னது இதில் இரண்டாவது ரகம் என்றுதான் நினைக்கிறேன், அந்த விதியால் அடிபடுவது அங்கேயே படிக்கும் பிள்ளைகள். ஆனால் அணியை வெளியே நிறுத்தினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் 2022ல் ஆரிகன் பல்கலைக்கழக மைதானத்தில் அங்கத்து மாணவர்கள் சிலர் மார்மன்களைக் கெட்டவார்த்தையில் கோஷம் போட்டுத் திட்டினார்கள், ஆரிகன் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அதற்கும் கொள்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போகிறவர்களுக்கு: மலை தெரிய வேண்டுமென்றால் மேற்குப் பக்க இருக்கை எடுங்கள், இருட்டியதும் குளிர் கடுமை, போர்வை அவசியம். டீயை வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.